ஓட்டிசப் பிள்ளைகளை விநோதமாகப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் தப்பொலி கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு லயத்து வீட்டுக்குள் ஓடும் ஒரு பிள்ளையை, பேய் பிடித்ததென்றும் வளர்ப்புச் சரியில்லையென்றும் பேசுகிறார்கள். அதற்கு அஞ்சியே தாய் அவனை வெளியே அழைத்து வருவதில்லை. ஓட்டிசம் சாபமல்ல, மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. அந்த ஒலி அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் இதனை விவரித்த பின்னர், பெற்றோரின் அன்புக் குறைவே காரணமென்று மருத்துவர் சிலரே நெடுங்காலம் பழிசுமத்தினர். அக்கருத்து தவறென்று கைவிடப்பட்ட பின்னும், மலையகத் தாய்மார் கொழுந்துக் கூடையோடு அந்தப் பழியையும் சுமப்பது என்னை மிகவும் வருத்துகிறது. பிள்ளை மடுவம் எனும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்தின் பணியாளர்களுக்கும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இதுபற்றித் தமிழிலேயே பயிற்சியளிக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.