பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: தவணைச் செய்திகளும் பள்ளி வாசலும்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

இன்னொரு தவணை முடிகிறது. குறுக்கோட்டத்தில் நம் பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். திருக்குறள் போட்டியில் மாவட்ட நிலை வரை போய் வந்தோம். ஆண்டு ஒன்று பிள்ளைகள் இப்போது அழாமல் வகுப்புக்கு வருகிறார்கள், அதுவே பெரிய சாதனை. கூட்டுப்பணிக்கு வந்து கழிப்பறைச் சுவருக்குச் சாயம் பூசிய அப்பாக்களுக்கு நன்றி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்ட நேரம். வாசலில் ஒரு பழைய கஞ்சில் கார் வந்து நின்றது. ஸ்டீயரிங்குக்கு மேல் நெற்றியும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் நம் பழைய மாணவன், இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, பதினைந்து வயது. எட்டவில்லை என்று வீட்டு நாற்காலி மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். தங்கையை ஏற்றிக்கொண்டு திருப்பும்போது, ரிவர்ஸ் என்று நினைத்து முதல் கியரைப் போட்டுவிட்டான். கார் செம்பருத்தி வேலிக்குள் ஏறியது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அதே இடத்தில் ஆண்டு இரண்டு பிள்ளைகள் நின்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் சக்கரத்தில் நசுங்கியது. அது இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

"எஸ்டேட் ரோடுதானே டீச்சர், அப்பாதான் சாவி கொடுத்தாரு" என்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம். அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தேன், இப்படி நான்கு கார்கள். ஹெல்மெட் இல்லாமல் மூவர் ஏறிவரும் மோட்டார் சைக்கிள்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

எஸ்டேட் ரோடு என்கிறோம். செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் அதே ரோட்டில்தான் வருகிறது. அப்புறம் கூட்டரசுச் சாலையைக் கடக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம். பழகியவர் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைப்பார். புதிதாக ஓட்டும் பிள்ளை வளைவுக்குள் வந்த பிறகுதான் பயப்படும். கூட இரண்டு நண்பர்கள் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். நம் மலேசியாவில் வழக்கமான ஓர் ஆண்டில் 6,000 பேருக்கு மேல் சாலையில் உயிரிழக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு 16 வயது, காருக்கு 17 வயது ஆகாமல் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டவிட்ட உரிமையாளரையும் சட்டம் விடாது. மோதிய காரைச் செய்யக் காப்புறுதிப் பணமும் வராது. பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் இருக்கை வார் (சீட் பெல்ட்) கட்ட வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். அன்று அந்தத் தங்கை இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை முதல், லைசென்ஸ் இல்லாத அண்ணனோ அக்காவோ வண்டியில் வந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம். பெரியவர் ஒருவர் வரும்வரை பிள்ளை மண்டபத்தில் இருக்கும். அதே வண்டி மறுபடி வந்தால் எண்ணைக் குறித்துப் போலீஸில் கொடுப்பேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா காலை ஷிஃப்ட், அம்மா ஃபேக்டரி, பஸ்ஸும் இல்லை. நானும் எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அதனால்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசினோம். பிற்பகல் மூன்று மணி வரை பிள்ளைகள் நூலகத்தில் இருக்கலாம், ஓர் ஆசிரியர் கூட இருப்பார். வேன் கட்டணம் சுமையாக இருந்தால் தயங்காமல் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மதிய உணவு நேரத்திலும் ஓடி வந்து பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து ஏற்றிப்போகும் பாட்டிகளுக்கும் என் நன்றி. யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று கீழுள்ள துண்டில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்