46 மார்க்குக்குப் பிறகு

அன்பு மகளுக்கு,

ரிசல்ட் வந்த அன்று போனில் நீ சொன்னது இரண்டே வார்த்தை. "நாற்பத்தாறு, அப்பா." அதற்கு மேல் நீயும் பேசவில்லை, நானும் துருவவில்லை. அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வேலையையும் பார்த்துக்கொண்டு ஏசிசிஏ என்ற சர்வதேச அக்கவுன்டன்சி படிப்பின் கடைசிக் கட்டம் வரை வந்தவள் நீ. நிதி அறிக்கைகள் பற்றிய எஸ்பிஆர் பேப்பரில், பாஸுக்கு வேண்டிய 50-க்கு 4 மார்க் குறைந்துவிட்டதால் இதுவரை பாஸ் செய்த பேப்பர்கள் எங்கும் போய்விடவில்லை. அந்தக் கட்டத்தில் முதல் பேப்பரைப் பாஸ் செய்ததிலிருந்து மீதியை முடிக்க 7 வருடம் அவகாசம் இருக்கிறது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு 4 முறை பரீட்சை வருகிறது. கூடப் படித்தவள் பாஸ், நான் ஃபெயில் என்ற வலி இருக்கத்தான் செய்யும். அழுகை வந்தால் அழுதுவிடு, அதை அடக்கிவைக்காதே. யாராவது கேட்டால், "இந்தத் தடவை வரல, அடுத்த தடவை எழுதறேன்" என்று சொல். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உன் அம்மாவுக்கும் எனக்கும் உன்மேல் துளியும் வருத்தம் இல்லை. நீ சாப்பிடாமல் தூங்காமல் கிடக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை.

சரி, இப்போது பேப்பருக்கு வருகிறேன்.

"எல்லாத்தையும் படிச்சேனே, எங்க போச்சுன்னே தெரியலை" என்று அம்மாவிடம் சொன்னாயாம். நீ படித்தாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும், அதாவது ஒவ்வொரு கணக்கு விதித் தொகுப்புக்கும், தனிப் பக்கம், முக்கியமான வரிகளுக்கு ஒரு நிறம், விதிவிலக்குக்கு இன்னொரு நிறம். வீடியோ வகுப்பு முடிந்ததும் நோட்டு, நோட்டு முடிந்ததும் மறுபடி நோட்டு. ஆனால் ஒரு முழுக் கேள்வியை எடுத்து, எதையும் பார்க்காமல், கடைசி வரி வரை நீ எழுதி முடித்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்: நீ படித்தது நிறைய, எழுதியது கொஞ்சம்.

நோட்டை மூன்றாம் தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அது கண்ணுக்குப் பழகிய வரி என்பதால் வரும் நிம்மதி. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரைத் திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு நம்பிக்கை மட்டும் கூடுதலாக இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு உனக்கு இருந்த நம்பிக்கையும் அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தொழிலிலேயே இதற்கு ஒரு முறை இருக்கிறது. கேஷ் புக்கில் ஒரு பேங்க் பேலன்ஸ் இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்டில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் ஒத்துப்பார்க்காமல் கேஷ் புக்கை மட்டும் நம்பி நாம் செக் எழுத மாட்டோம். எனக்கு இவ்வளவு தெரியும் என்று நீ நினைப்பது கேஷ் புக். நேரம் வைத்து எழுதிய விடைக்கு விழும் மார்க் பேங்க் ஸ்டேட்மென்ட். வாரம் ஒரு தடவையாவது இரண்டையும் ஒத்துப் பார்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். ஒரு கம்பெனியின் கணக்காண்டு டிசம்பர் 31-ல் முடிகிறது. அது விற்ற மெஷின் ஒன்று அக்டோபரில் பழுதாகி, வாங்கியவருக்குக் காயம். அவர் வழக்குப் போட்டது ஜனவரியில். தோற்க 60 சதவீதம் வாய்ப்பு, தோற்றால் 80 லட்சம் கட்ட வேண்டும் என்கிறார் வக்கீல். இன்ஷூரன்ஸ் கம்பெனி 30 லட்சம் "தரலாம்" என்கிறது. வழக்கே அடுத்த வருடம்தானே வந்தது, இந்த வருடக் கணக்கில் ஒன்றும் வேண்டாம் என்கிறார் டைரக்டர்.

நிறையப் பேர் எழுதும் விடை இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஐ.ஏ.எஸ். 37 என்ற சர்வதேசக் கணக்கு ஸ்டாண்டர்டின்படி புரொவிஷன் (பின்னால் கட்ட வேண்டிவரும் தொகையை இப்போதே கணக்கில் காட்டுவது) போட மூன்று நிபந்தனைகள் உண்டு. நடந்த நிகழ்வால் வந்த கடமை, பணம் வெளியே போக அதிக வாய்ப்பு, நம்பகமான மதிப்பீடு." மூன்றும் சரி. ஆனால் இதோடு நின்றால் அந்த மெஷினைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ ஒரு வரிகூட விடையில் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற விடைக்கு மார்க் அதிகம் கிடைக்காது.

மார்க் எங்கே இருக்கிறது பார். காயம் பட்டது அக்டோபரில். கடமையை உண்டாக்கியது அந்த நிகழ்வு, ஜனவரியில் வந்த வழக்கு இல்லை. அந்த வழக்கு, டிசம்பர் 31 அன்றே இருந்த நிலைமைக்கு ஆதாரம் தருகிறது. ஆகவே, கணக்காண்டு முடிந்தபின் நடப்பவற்றுக்கான ஸ்டாண்டர்டான ஐ.ஏ.எஸ். 10-ன்படி இந்த வருடக் கணக்கைச் சரிசெய்யத்தான் வேண்டும். 60 சதவீதம் பாதிக்கு மேல், அதனால் புரொவிஷன் வரும். தொகை 80 லட்சமா, அதில் 60 சதவீதமான 48 லட்சமா? இருப்பது ஒரே ஒரு வழக்கு. நடக்க அதிக வாய்ப்புள்ள முடிவு எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே 80. இன்ஷூரன்ஸ் பணம் கிட்டத்தட்ட நிச்சயம் என்ற நிலை வந்தால்தான் சொத்தாகக் காட்டலாம், "தரலாம்" என்பது போதாது. காட்டும் நிலை வந்தாலும் பேலன்ஸ் ஷீட்டில் புரொவிஷனில் கழிக்காமல் தனிச் சொத்தாகத்தான் காட்ட வேண்டும். டைரக்டருக்கு லாபத்தை வைத்து போனஸ் என்று கேள்வியில் எங்காவது ஒரு வரி இருந்தால், அவர் ஏன் புரொவிஷன் வேண்டாம் என்கிறார் என்பதையும் சேர்த்து எழுது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு விதி, பக்கத்திலேயே கேள்வியில் உள்ள ஒரு விவரம், பிறகு முடிவு. இது தானாக வருகிற வரை எழுதிப் பழகு.

எக்ஸாமினர் ரிப்போர்ட்டுகளை ஏசிசிஏ தன் தளத்திலேயே போடுகிறது. ஸ்டாண்டர்டை ஒப்பிக்கிறார்கள், கேள்வியில் உள்ள கம்பெனிக்குப் பொருத்தி எழுதுவதில்லை என்ற குறை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய கேள்விகளைத் தொடுவதற்கு முன் அவற்றைப் படித்துவிடு. உனக்காகவே எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் நேரம். 3 மணி 15 நிமிடம் என்றால் 195 நிமிடம். 100 மார்க்குக்குப் பிரித்தால் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. குரூப் அக்கவுன்ட்ஸ், அதாவது தாய்க் கம்பெனி, கிளைக் கம்பெனிகளின் கணக்கு, வரும் முதல் கேள்வி 30 மார்க், அதற்கு 58 நிமிடம்தான். அந்தக் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கன்சாலிடேஷன் உனக்குப் பிடிக்கும், அதில் வரும் குட்வில் தொகை பைசா சுத்தமாக வரும்வரை நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் இருந்தாய், கடைசி 25 மார்க் கேள்விக்கு எவ்வளவு மிச்சம் இருந்தது? யாருக்கும் காட்ட வேண்டாம், உனக்காக மட்டும், மறப்பதற்குள் இதை ஒரு தாளில் எழுதிவை. எந்தக் கேள்வியிலும் முதல் சில மார்க் சீக்கிரம் கிடைக்கும், கடைசி இரண்டு மார்க்தான் உயிரை வாங்கும். கணக்கு டேலி ஆகவில்லையா, ஆகாமலே கிடக்கட்டும். 58 நிமிடம் ஆனதும் அடுத்த கேள்விக்குப் போய்விடு. ஆபீஸில் இப்படிச் செய்தால் நானே கோபப்படுவேன். பரீட்சையில் இதுதான் சரி.

பயிற்சியைக் கையால் எழுதாதே. பரீட்சை கம்ப்யூட்டரில்தான், அதே மாதிரித் திரையோடு ஏசிசிஏ பிராக்டிஸ் பிளாட்ஃபார்ம் கொடுத்திருக்கிறது. அதிலேயே டைப் செய்து பழகு. ஸ்ப்ரெட்ஷீட்டில் கால்குலேட்டரில் போட்டு வந்த எண்ணை மட்டும் அடிக்காமல் ஃபார்முலாவாகவே போடு. ஒரு எண் தப்பாகிப் போனாலும், திருத்துகிறவர் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தால் நீ எப்படிப் போட்டாய் என்பது தெரியும், அந்த வழிமுறைக்கு மார்க் கிடைக்கும்.

திங்கள் லீஸ், செவ்வாய் ரெவன்யூ என்று ஒவ்வொரு ஸ்டாண்டர்டாக முடித்துக்கொண்டு போகும் உன் அட்டவணையையும் கலைத்துவிடு. பரீட்சையில் "இது லீஸுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 ஸ்டாண்டர்டுக் கேள்வி" என்று தலைப்புப் போட்டா கொடுக்கிறார்கள்? ஒரு ஒப்பந்தத்தைக் கொடுப்பார்கள். அது லீஸா, சர்வீஸா, விற்றுவிட்டுத் திரும்ப வாடகைக்கு எடுத்ததா என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். கலந்து போட்ட கேள்விகளில் பழகினால்தான் அந்தக் கண் திறக்கும். ஆரம்பத்தில் மார்க் குறையும், மனசு சங்கடப்படும். அதைப் பார்த்துப் பழைய முறைக்கே திரும்பிவிடாதே.

எழுதிய விடையை நீயே திருத்து, கறாராகத் திருத்து. "இதைத்தான் நினைத்தேன், எழுதாமல் விட்டுவிட்டேன்" என்றால் அதற்கு மார்க் இல்லை. தப்புகளுக்கு என்று ஒரு நோட்டுப் போடு. சரியான விடையைக் காப்பி செய்வதற்கு அல்ல, தப்பு ஏன் வந்தது என்பதை ஒரே வரியில் எழுதுவதற்கு. விதி தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியில் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் நேரம் இல்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்கு மட்டும்தான் நோட்டைத் திறக்க வேண்டும். உன் விஷயத்தில் மற்ற இரண்டும்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லை என்று அந்த நோட்டு காட்டினால், அது சொல்வதை நம்பு, நான் சொல்வதை விட்டுவிடு. மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, தப்பு வந்த அதே கேள்வியைப் பார்க்காமல் திரும்பவும் போட்டுப் பார்.

எப்போது எழுதுவது என்று கேட்பாய். என் கருத்து, அடுத்த சிட்டிங்கிலேயே, அதாவது அடுத்து வரும் பரீட்சையிலேயே, எழுதிவிடு. 30 மார்க் வந்திருந்தால் ஒரு சிட்டிங் தள்ளிப்போடு என்று சொல்லியிருப்பேன். 46 என்றால் பாடம் உள்ளே இருக்கிறது, ஆறு மாதம் விட்டால் அதில் பாதி ஆவியாகிவிடும். ஆனால் ஆபீஸில் ஆடிட் உச்சத்தில் இருக்கும் மாதமாக அது அமைந்தால் மட்டும் யோசி. மேனேஜரிடம் இப்போதே சொல்லி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு, கடைசி வாரத்தில் போய்க் கெஞ்சாதே. தினமும் ராத்திரி ஒரு மணி வரை உட்காருவதும் வேண்டாம். வேலைக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம், ஒரு 20 மார்க் கேள்வி, அதற்கு 39 நிமிடம். சாயங்காலம் வந்து அதைத் திருத்து. வார நாளில் அவ்வளவு போதும். சனி, ஞாயிறில் ஒரு நாளை நீளமாக வைத்துக்கொள், இன்னொரு நாள் முழுக்க உன்னுடையதாக இருக்கட்டும். தூங்கு, கண்ணு. படித்தது மனதில் உறைவதே தூக்கத்தில்தான்.

இந்த வாரம் புத்தகத்தைத் தொட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு பழைய கேள்வி மட்டும் போடு. உனக்கு வராது என்று நீ பயப்படும் கேள்வியாகவே எடு. நேரம் முடிந்ததும் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே எனக்கு மெயிலில் அனுப்பு, அழகுபடுத்த வேண்டாம். நானும் ஒரு தடவை திருத்துகிறேன், நீ உனக்குப் போட்ட மார்க்கைத் தனியாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
அப்பா