உலக வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க உருவான சர்வதேச சங்கம் (League of Nations) ஏன் தோற்றது என்று நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். வில்சன் வருவார், முசோலினி வருவார், ஹிட்லர் வந்ததும் கதை முடிந்துவிடும். அந்தச் சங்கத்தை விட்டால் வேறு நாதியில்லாத சின்ன நாடுகளின் ஆட்களை மட்டும் காணோம். ருமேனியாவின் நிக்கொலாயே தித்துலெஸ்குவுக்கு ஒரு பத்தி கொடுத்தால் என்ன? (ஆங்கிலத்தைப் பார்த்து ‘டிட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் நாக்கில் நம் தகரம்தான்.)

1936 ஜூன் 30. இத்தாலி பிடித்துக்கொண்ட எத்தியோப்பியாவின் பேரரசர் ஹைலே செலாசி, ஜெனிவாவில் சங்கப் பேரவையில் பேச எழுகிறார். மேலே உட்கார்ந்திருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்துக் கூச்சல் போடுகிறார்கள். நாட்டை இழந்து வந்தவர் பேசாமல் நிற்கிறார். இந்தக் காட்சியை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது துள்ளி எழுந்து, “அந்தக் காட்டுமிராண்டிகளை வெளியே தள்ளுங்கள்!” என்று பிரெஞ்சில் கத்தியவர் யார் என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள். ருமேனிய வெளியுறவு அமைச்சர் தித்துலெஸ்குதான் அவர்.

ருமேனியாவின் கிராயோவாவில் 1882இல் பிறந்து, பாரிஸில் சட்டம் படித்தவர். நிதியமைச்சர், லண்டன் தூதர் என்று பல பதவிகள் பார்த்தார். சங்கப் பேரவைக்கு 1930, 1931 என அடுத்தடுத்து இரண்டு முறை தலைவரானார். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. பெரிய நாடுகள் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்குள் இருந்திருக்க வேண்டும். செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியாவுடனான கூட்டை 1933இல் இறுக்கிக் கட்டினார். அடுத்த ஆண்டே கிரீஸ், துருக்கி, யூகோஸ்லாவியாவுடன் பால்கன் ஒப்பந்தம், அப்புறம் சோவியத்துடன் தூதரக உறவு. சோவியத் வெளியுறவு அமைச்சர் லித்வினோவுடன் பரஸ்பர உதவி ஒப்பந்தம் பேசி, கிட்டத்தட்ட முடிக்கும் இடத்துக்கும் வந்துவிட்டார்.

அதற்குள் ருமேனிய மன்னர் இரண்டாம் கரோல் அவரைக் கழற்றிவிட்டார். 1936 ஆகஸ்ட் 29 அன்று, அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே பதவி போனது. அந்த விசில் சத்தம் கேட்டு ஏறக்குறைய இரண்டு மாதம்.

அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரியின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தைப் பறித்த திரியானோன் ஒப்பந்தத்தில் ருமேனியா சார்பில் கையெழுத்திட்ட இருவரில் அவரும் ஒருவர். எல்லைகளை மாற்றவே கூடாது என்று அவர் முழங்கியதில் வென்ற நாட்டின் சுயநலமும் உண்டு. சரி, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

1941இல் பிரான்சின் கான் நகரில் இறந்தார். சொந்த மண்ணில் புதைக்கும்படி கேட்டிருந்தார். ருமேனியாவின் பிராஷோவ் நகருக்கு அவர் உடல் வந்து சேர்ந்தது 1992இல்.

அடுத்த முறை ஹைலே செலாசியின் உரையை எழுதும்போது, விசிலடித்தவர்களோடு நிறுத்திவிடாமல் அவர்களை அதட்டியவரின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்