நொய்யரிசி, குண்டு பல்பு, பெயர் வெட்டிய ஒரு தூக்கு: கடலூர்க்காரர்களுக்கு நன்றி மடல்

புதுப்பாளையம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

போன ஐப்பசி மழையில், கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் தாய் நாய் வண்டியில் அடிபட்டுக் கிடக்க, சாக்கடை ஓரமாகக் கத்திக்கொண்டிருந்த ஆறு குட்டிகளை நான் தூக்கிக்கொண்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கண்கூடத் திறக்காத குட்டிகள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இரண்டு மாதச் செலவைக் கணக்குப் போட்டேன். பதினைந்தாயிரம் வந்தது. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். அந்தத் தொகையைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

அதே நாற்பது பக்க நோட்டில்தான் பிறகு குட்டிகளின் எடையையும், யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வந்தேன். இப்போது அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் கையிலிருந்து போனது 5,870 ரூபாய். அதில் பாதி நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடருக்கு. மற்றதெல்லாம் உங்கள் கணக்கு.

முதல் பக்கத்தில் இருப்பது என் தவறு. நனைந்து சில்லிட்டுப்போயிருந்த குட்டிகளுக்கு, பாவம் பசிக்குமே என்று உடனே பசும்பாலைக் காய்ச்சி ஊற்றினேன். இரண்டுமே தப்பு. உடம்பு சில்லென்றிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் சூடு காட்ட வேண்டும். பசும்பாலில் நாய்ப்பாலைவிடச் சர்க்கரை அதிகம், கொழுப்பும் புரதமும் குறைவு; வயிற்றால் போகும். மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா இதைச் சொன்னபோது திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆறில் சின்னது, 310 கிராம் இருந்தது, மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. டாக்டரம்மா, மற்ற ஐந்தும் பிழைத்தது நீங்கள் அன்று கால் மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்ததால்தான். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டுப் புகட்டாதே, புரை ஏறும், குப்புற வைத்துக் கொடு என்றீர்கள். பால் குடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் என்றீர்கள். அதுவரை எனக்கு இதெல்லாம் தெரியாது.

அடுத்த பெயர் எலக்ட்ரீஷியன் அண்ணனுடையது. சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு மாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். கடைகடையாக ஏறி இறங்கினேன், எங்கே கேட்டாலும் எல்இடிதான். அது வெளிச்சம் தரும், சூடு தராது. அண்ணன் தன் பழைய டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து, அறுபது வாட் பல்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் கட்டிவிட்டு, "சூடு ஜாஸ்தியானா அதுங்களே தள்ளிப் படுத்துக்கும், நடுவுல கட்டாதம்மா" என்றார். டாக்டரம்மாவும் பிறகு அதையே சொன்னார். கரண்ட் போன ராத்திரிகளில் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி வைத்தோம்.

அந்தப் பெட்டி, வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. கொடுத்த கடைக்காரர் காசு வாங்கவில்லை. உள்ளே விரிக்க முதலில் வெறும் பேப்பர்தான் போட்டேன். குட்டிகளுக்குக் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போனது. பேப்பருக்கு மேல் துணி வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன், மறுநாள் வாசலில் நடக்க இடமில்லை. கிழிந்த நைட்டி, வேட்டி, பள்ளிக்கூட டவல், பழைய திரைச்சீலை. நாணமேட்டிலிருந்து வந்த அக்கா கொடுத்த போர்வையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து ஊருக்குள் புகுந்தபோது அவருக்கு நிவாரணமாகக் கிடைத்த போர்வை அது. "எங்களுக்கும் யாரோ கொடுத்ததுதானே" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கிழிக்க மனம் வரவில்லை, நாலாக மடித்துப் போட்டேன்.

அண்ணாச்சிக்கும் நன்றி. தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் எடைமெஷினில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, ஒவ்வொரு குட்டியாக நிறுத்துக் கொடுத்தார். குட்டி நாளுக்கு நாள் எடை ஏற வேண்டும், ஏறாவிட்டால் ஏதோ கோளாறு. அவர் என்னைவிட அக்கறையாக, "நேத்தைக்கு நானூத்தி எண்பது, இன்னைக்கு ஐந்நூத்திப் பத்து" என்று வாய்க்கணக்காகவே சொல்வார். குட்டிகளை இறக்கியதும் மெஷினை டெட்டால் போட்டுத் துடைத்தோம், வாடிக்கையாளர்கள் கவலைப்பட வேண்டாம்.

மருந்துக்கடைத் தம்பி ஐந்து மில்லி சிரிஞ்சுகளை அடக்க விலைக்கே கொடுத்தான். ஃபீடிங் பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது என்பதற்காக நாலு நிப்பிளைப் பிரித்துப் பார்க்கவும் விட்டான். பால் பவுடரில் ஒரு டப்பா மட்டும் வேறொரு கடையில் வாங்கினேன். தேதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். வாங்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

நான்காவது வாரத்தில் சோறு பழக்கியதும் செலவு ஏறும் என்று பயந்தேன், இறங்கியது. ரைஸ்மில்லில் நொய் கிலோக் கணக்கில் மலிவாகப் போட்டார்கள். கோழிக்கடை பாய், கழுத்துக்கறியும் கொஞ்சம் ஈரலும் தனியாக எடுத்துவைப்பார். நொய்யைக் குழைய வேகவைத்து, உப்பு போடாமல் அவித்த கறியை எலும்பெடுத்து மிக்சியில் ஒரு சுற்று சுற்றிக் கலந்தால் ஐந்துக்கும் ஒரு நாள் ஓடும். அவித்த எலும்பு தெறித்துக் குடலைக் கிழிக்கும் என்பதால் அந்த வேலையில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை. சாம்பார் சாதம் கொண்டுவந்த பாட்டிகள் மன்னிக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு ஆகாது. உங்கள் சாதத்தை நான்தான் சாப்பிட்டேன். பிஸ்கட் கொண்டுவந்த பிள்ளைகளிடமிருந்து பறித்ததும் நான்தான்.

ஆறாவது வாரம், மிளகு என்று பெயர் வைத்திருந்த பெண் குட்டிக்கு வாந்தியும் ரத்தபேதியும் வந்துவிட்டது. பார்வோ, நாய்க்குட்டிகளுக்கு வரும் வைரஸ் தொற்று. ஒயர் கூடையில் துணி போட்டு, புதுச்சேரி பஸ் ஏறி, குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் போடவில்லை (இதை வெளியில் சொல்லலாமோ என்னவோ). அங்கே டிரிப்ஸ் ஏற்றிய மாணவப் பிள்ளைகள் ஐந்து நாளும் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்த ஐந்து நாளும் என்னைப் பாதி நேரம் ஆபீசிலிருந்து விட்ட வக்கீல் சாருக்கும் நன்றி. அந்த அபிடவிட்டை அடுத்த வாரம் முடித்துவிட்டேன். வீட்டில் பினாயில் போதாது, பிளீச்சிங் பவுடர் கரைத்துத்தான் கழுவ வேண்டும் என்றார்கள். பெட்டியையும் துணிகளையும் எரித்தோம். நாணமேட்டுப் போர்வையும் போனது. அக்கா, அதை நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

மற்ற நான்குக்கும் வராதது அதிர்ஷ்டம். மூன்று ஆண் குட்டிகளுக்கும் உடனே வீடு கிடைத்தது. பெண் குட்டி என்றால் "வேண்டாம்மா" என்றவர்களே அதிகம். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து, "பொண்ணுதான் வேணும், ஆறு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடறோம்" என்று தூக்கிக்கொண்டு போன புதுமணத் தம்பதிக்கு என்ன சொல்வது? மிளகு என்னோடேயே இருக்கிறாள்.

பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் ஊசி முடியாத குட்டிகளை இப்போதைக்கு என் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். யாராவது எடுத்து வளர்ப்பதாக இருந்தால் குண்டு பல்பு, பிரிக்காத சிரிஞ்சு, மிச்சமிருக்கும் ஒரு டப்பா பவுடர் (தேதி பார்த்துவிட்டேன்) எல்லாம் தருகிறேன்.

நோட்டில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் அவித்த முட்டை ஐந்து, ஒரு எவர்சில்வர் தூக்கில் வைத்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனது யார்? கழுவி அங்கேயே மாட்டிவைப்பேன், அடுத்த வாரம் நிறைந்திருக்கும். கடைசி வாரம் எடுக்க யாரும் வரவில்லை. அடியில் "செ.ரா." என்று பெயர் வெட்டியிருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூடி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அது மிளகின் வேலை.