கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்கிங்: வோல்டேஜை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், வீட்டுக் கணினியின் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். வேகத்தை ஏற்றுங்கள், கணினி நிலைக்காவிட்டால் வோல்டேஜையும் ஏற்றுங்கள், நிலைக்கும்வரை இப்படியே போங்கள் என்பது அதன் சாரம். 22 டிகிரி அறையில் இருப்பவருக்கு அது ஓரளவு சரி. மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், இரவு பத்து மணிக்கும் 36 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது தவறான வழி.

கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். பிராசசர் வெளியிடும் வெப்பம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினால் கூடுவது எட்டில் ஒரு பங்கு வோல்டேஜ்தான். வெப்பமோ கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். கூடவே வேகத்தையும் 10 சதவீதம் ஏற்றினால் மொத்தம் சுமார் 39 சதவீதம். இனி பிராசசரைக் குளிர்விக்கும் கூலருக்கு வருவோம். 22 டிகிரி அறையில் பிராசசரை 75 டிகிரியில் நிறுத்தும் கூலர் என்றால், அறை வெப்பத்துக்கு மேல் 53 டிகிரி. அதே கூலர், அதே வேலை, 36 டிகிரி அறையில் 89. அந்த 53-க்கு மேல் 39 சதவீதத்தைக் கூட்டினால் 74 ஆகிறது. கணக்குப்படி 110 டிகிரி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5600எக்ஸ் பிராசசர் 95 டிகிரியிலும், இன்டெலின் டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் கைக்கு வராது. சூடும் மின்செலவும்தான் மிச்சம்.

ஆகவே நம் ஊரில் முதல் வேலை வோல்டேஜை இறக்குவது. அதற்கும் முன்னால் கேபினெட்டைத் திறந்து, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்குகளில் அடைத்திருக்கும் தூசியை எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் காய்ந்துபோன, வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். சுவரோடு ஒட்டியோ, மேசையின் மூடிய அறைக்குள்ளோ கேபினெட் இருந்தால் வெளியே இழுத்து வையுங்கள். அதிகச் செலவில்லாமல் சில டிகிரி இறங்கும்.

அடுத்தது ராம். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராமை வாங்கி மாட்டியவர்களில் பலருடைய கணினி இன்றும் 2133-லோ 2666-லோதான் ஓடுகிறது. கணினி தொடங்கும்போதே திறக்கும் பயோஸ் அமைப்புப் பக்கத்தில், ராமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போடாததே காரணம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். பிராசசரைத் தொடாமலே கிடைக்கும் வேகம் இது. ஆனால் நிறுவனங்களின் வாரண்டி விதிப்படி இதுவும் ஓவர்கிளாக்தான் என்பதை மறக்க வேண்டாம். போட்டபின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை நான்கு சுற்றும் முழுதாக ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். ஒரு படி கீழே இறங்குங்கள்.

ரைசன் 5000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் வைத்திருப்போர் பயோஸில் பி.பி.ஓ. என்ற ஏ.எம்.டி.யின் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கும், வோல்டேஜை மாற்ற உதவும் கர்வ் ஆப்டிமைசரைத் தேடுங்கள். மதர்போர்டைப் பொறுத்து அது இருக்கும் இடம் மாறும். எல்லாக் கோர்களுக்கும் (பிராசசருக்குள் தனித்தனியே இயங்கும் பகுதிகள்) நெகட்டிவ் 10 என்று தொடங்கலாம். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் இறக்கும். சூடு குறைவதால் பிராசசர் தானாகவே கொஞ்சம் அதிக வேகத்தில் நிற்கும். வோல்டேஜை இறக்கி வேகத்தைப் பெறுவது என்பது இதுதான். பலர் ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. எல்லாக் கோர்களையும் உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் ஓட்டியும் ஒன்றும் ஆகாது. பாட்டு கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் தாழ்ந்து நிற்கிறது. ஒற்றைக் கோர் மட்டும் விழிக்கும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, இறக்கிய வோல்டேஜ் அப்போதுதான் போதாமல் போகிறது. அதனால் கோர்சைக்ளர் போன்ற நிரலால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். தோற்கும் கோருக்கு மட்டும் நெகட்டிவ் 10-ஐ நெகட்டிவ் 5 ஆக்கிப் பாருங்கள்.

இன்டெலில் பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை ஏற்றுவதற்கு, பெயரில் எண்ணுக்குப் பின் கே எழுத்து உள்ள பிராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். வோல்டேஜை இறக்க, பயோஸில் வழக்கமான வோல்டேஜிலிருந்து கழிக்கும் ஆஃப்செட்டில் மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாக இறங்குங்கள். லேப்டாப் பலவற்றில் இந்த வசதியே தென்படாது. வோல்டேஜ் கட்டுப்பாட்டை வைத்து ரகசியத் தகவலைத் திருட முடியும் என்று 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் ஓட்டைக்குப் பிறகு, பயோஸ் அப்டேட்டிலேயே அதைப் பூட்டிவிட்டார்கள். பூட்டை உடைக்கும் குறுக்கு வழிகளைத் தேட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டில்தான் இந்த முறையின் பலன் பளிச்சென்று தெரியும். கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் நிரலைத் திறந்து கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் கோடு வரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டில் 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்கு வலப்புறம் உள்ள புள்ளிகள் எல்லாவற்றையும் அதே உயரத்துக்குத் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். ஒரு மணி நேரம் நிலைத்தால் 15 மெகாஹெர்ட்ஸ் ஏற்றலாம். என்விடியா கார்டுகளின் வேகம் பதினைந்து பதினைந்தாகத்தான் நகரும். சாதாரணச் சோதனையில் தேறியது, ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் உள்ள விளையாட்டில் தோற்பது வழக்கம். அதனால் அதையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் பிசகாமல் ஓடும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே இதை அமலாக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். கணினி திரும்பத் திரும்ப உறைந்தாலும் அப்போதுதான் எளிதில் மீளலாம்.

கார்டின் மெமரி வேகத்தை ஏற்றுவோருக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய கார்டுகள் பலவற்றில் மெமரிப் பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் தகவல் மறுபடி அனுப்பப்படும். எனவே அளவு மீறினாலும் உடனே கணினி நிற்காமலும், திரையில் புள்ளிகள் தெறிக்காமலும் போகலாம். நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் மெல்லக் குறையும். 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றும்போதெல்லாம் அதே சோதனையை ஓட்டி மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். மதிப்பெண் இறங்கத் தொடங்கும் இடத்துக்குக் குறைந்தது 100 முன்னாலேயே நிறுத்துங்கள்.

இப்படி ஓசையில்லாமல் வரும் பிழைகள்தான் எனக்கு உண்மையான கவலை. கணினி நின்றுபோனால் குற்றம் எங்கே என்று தெரியும். நிற்காமல், ராமில் ஒரு பிட் மட்டும் மாறினால், வீட்டுப் புகைப்படம் பாதி சாம்பல் நிறமாகச் சேமிக்கப்படலாம். டேலி கணக்குக் கோப்பு மறுநாள் திறக்காமல் போகலாம். வோல்டேஜில் கைவைத்த ஒவ்வொருவரும் விண்டோஸில் பிழைகள் பதிவாகும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் வரும் வரிகளைத் தேட வேண்டும். எண் 19 என்றால் வன்பொருள் பிழை வந்து திருத்தப்பட்டது. 18 என்றால் திருத்த முடியவில்லை. 19 ஒன்று இருந்தாலும் அமைப்பு நிலையானதல்ல, மேலோட்டமாக எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி. கல்யாண வீடியோ எடிட்டிங்கும் கணக்கு வேலையும் நடக்கும் கணினியில் வேகத்தை ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்றுகள் உண்டு. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில, கோர்களைத் தவிர்த்த மற்றப் பகுதிகளுக்குச் செல்லும் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் மிகுந்து கருகின. அதன்பின் ஏ.எம்.டி. அந்த வோல்டேஜுக்கு 1.30 வோல்ட் என்று வரம்பு போட்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், ஓவர்கிளாக் செய்யாதவர்களுடையவைகூட மிகை வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைந்தன. விளையாட்டைத் திறந்தால் கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று செய்தி வரும், குற்றமோ பிராசசரில். அதை நம்பி நல்ல கிராபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் பயோஸ் அப்டேட்டாக வந்த மைக்ரோகோட் என்ற உள்நிரல், பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. இந்தப் பிராசசர் வைத்திருப்போர் முதலில் பயோஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்ட பிராசசரை அது சரியாக்காது. அதற்கு வாரண்டியில் மாற்று கேட்க வேண்டும்.

குறிப்பில் விடுபட்ட இன்னொன்று யு.பி.எஸ். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட்தான். 142 வாட்டில் நிற்க வேண்டிய பிராசசரை 200-க்குத் தள்ளி, 170 வாட் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால், கரண்ட் போகும் நொடியில் யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகி எல்லாம் சேர்ந்து அணையும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெயரில்லாத மலிவுச் சரக்காக இருந்தால் ஓவர்கிளாக்கிங் பேச்சே வேண்டாம்.

பயோஸில் வைத்த மதிப்பு தவறிப்போய்த் திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பவர் கேபிளைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மாட்டினால் பயோஸின் இயல்பான அமைப்பு திரும்பும்.

கோடை விடுமுறை முடிவதற்குள், அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில் அறை வெப்பக் கணக்கையும், ஈவென்ட் வியூவரைப் பார்க்கும் முறையையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
மதுரை