கிளிப்பை மாட்டியது நான்தான்: கர்ப்பகால ஆய்வுகளுக்கு நிதி தரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சினை எலிகளோடு சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோயான ப்ரீஎக்லாம்ப்சியாவின் ஆய்வுக்கு நாங்கள் செய்தது இதுதான். சினையான 14-ஆம் நாள் எலிக்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, பெருந்தமனியின் கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளிக் கிளிப்பை மாட்டுவோம். கிளிப்பின் இடைவெளி 0.2 மில்லிமீட்டர். சூலகப் பக்கத் தமனிகளுக்கு அதில் பாதி அளவில் இரண்டு. கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். சில நாளில் தாய்க்கு அழுத்தம் ஏறும், குட்டிகள் சிறுத்துப் போகும். கை நடுங்கினால் எலியே போய்விடும், அது வேறு கதை.

இதில் கிடைப்பது வீணல்ல. ரத்தம் குறைந்த நஞ்சுக்கொடி தாயின் உடலை எப்படிக் கெடுக்கிறது என்று அந்த எலி காட்டும். 2003-இல், நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை எலிகளுக்குள் மிகுதியாகச் சுரக்க வைத்தார்கள். உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் சேர்ந்தே வந்தன. இன்று கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அந்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனையே இருக்கிறது.

ஆனால் ரத்தம் ஏன் குறைந்தது? அதற்கு எலியிடம் பதில் இல்லை. கிளிப்பை மாட்டியது நான். மனிதரில் கோளாறு கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடிச் செல்கள் கருப்பைச் சுவரின் சுருள் தமனிகளுக்குள் ஆழமாகப் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அது அரைகுறையாக நின்றுபோகிறது. சுண்டெலியில் அந்த ஊடுருவலே மேலோட்டமானது. கினிப்பன்றி இதில் நமக்கு நெருக்கம், ஆனால் சினைக்காலம் இரண்டு மாதத்துக்கும் மேல். மூன்று வாரத்தில் ஈனும் எலிதான் எல்லோருக்கும் வசதி.

குறைப்பிரசவமும் இப்படித்தான். சுண்டெலியில், கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிந்தால் பிரசவம். பெண்ணின் ரத்தத்தில் அது சரியாமலே வலி வந்துவிடும்.

விலங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயை நாமே உண்டாக்குகிறோமா, அது தானாக வருகிறதா என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். ஆரம்ப வாரக் கேள்விகளுக்கு, மனித நஞ்சுக்கொடிச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டித் திசு உருண்டைகளான ஆர்கனாய்டுகள் 2018 முதல் இருக்கின்றன. அவற்றை ஏன் சேர்க்கவில்லை என்றும் கேளுங்கள். ‘காரணத்தைக் கண்டறிய’ என்று தலைப்பிட்டு 14-ஆம் நாள் கத்தியை எடுக்கும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். நான் எழுதியவற்றில் இரண்டு அப்படித் திரும்பியிருக்க வேண்டியவை.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வாளன்