திறக்காத பின்கதவு

வினிபெக், கனடா,
24-2-2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது காரின் பின்கதவு திறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கரூரில் முப்பது ஆண்டுகள் பஸ் பாடி கட்டும் பட்டறையில் கதவு பொருத்திய தங்களுக்குத் "திறந்துவிட்டது" என்ற ஒரு சொல் போதாது என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

பூட்டியபடி நின்றுபோனது வலப்பக்கப் பின்கதவு. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் நடைபாதையும் வலப்பக்கமே வரும். பாப்பா பள்ளி வாசலில் இறங்க வேண்டியது அந்தக் கதவு வழியாகத்தான். அது திறக்காத பதினொரு நாளும் அவளை இடப்பக்கமாக, வண்டிகள் உரசிப் போகும் பக்கமாக, கையை இறுகப் பிடித்து இறக்கினோம். ஓரங்களில் பனி குவிந்து சாலையே குறுகிக் கிடக்கும் மாதம் இது. அம்மா பயந்ததில் தவறில்லை. எனக்கும் ஒவ்வொரு காலையும் அதே பயம்தான்.

முதலில் பனியைத்தான் சந்தேகித்தேன். இந்த மாதம் பல நாட்கள் விடியும்போது குளிர் சுழியத்துக்குக் கீழே 30 பாகையைத் தாண்டியிருந்தது. எஞ்சின் உறையாமல் இருக்க இங்குள்ள கார்களின் முகப்பில் ஒரு மின்பிளக் தொங்கும்; இரவில் மாட்டைக் கட்டுவதுபோல் வண்டியை வீட்டுச் சுவரோடு கட்டிவிட்டுத்தான் படுக்கிறோம். கதவின் பீடிங் ரப்பரில் ஈரம் இருந்தால் அது உறைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றத் தோன்றும். ஆனால் கண்ணாடி விரிசல் விடக்கூடும், ஊற்றிய நீரும் சற்று நேரத்தில் உறைந்துவிடும். ஆகவே நண்பர் ஒருவரின் வீட்டில் வெப்பமூட்டிய கார் கொட்டகையில் மூன்று மணி நேரம் வண்டியை விட்டுவைத்தேன். பனியெல்லாம் உருகிச் சொட்டிய பிறகும் அந்தக் கதவு அசையவில்லை.

கதவில் கையை வைக்கும் முன் காதை வைக்க வேண்டும் என்று தாங்கள் பட்டறைப் பையன்களிடம் சொல்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தங்கள் மருமகள் சாவியின் பொத்தானை அழுத்த, நான் ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டேன். மூன்று கதவுகளில் "டக்" என்று ஒரே வெட்டாகச் சத்தம் வந்தது. நான்காவதில் மட்டும் தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டைப்போல ஒரு மெல்லிய ரீங்காரம் எழுந்து அடங்கியது. மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது, பூட்டின் மோட்டாருக்குத்தான் லீவரைத் தள்ள வலுவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே விளங்கிவிட்டது. உள்கைப்பிடியை இழுத்துத் திறக்கவும் வழியில்லை. பாப்பா உள்ளிருந்து திறந்துவிடாதபடி நானே சைல்டு லாக் போட்டிருந்தேன். அதை எடுக்கும் குமிழ் கதவின் விளிம்பில், கதவு திறந்தால் மட்டுமே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

ஒரு மெக்கானிக் கடையில் 600 டாலர் கேட்டார்கள். கதவு மூடியிருப்பதால் உள்பக்க அட்டையை உடைத்துத்தான் எடுக்க முடியும் என்றும் சொன்னார்கள். தங்கள் மகனாக இருந்துகொண்டு அதற்குச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை அதே கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். பின்சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கி வெளியே எடுத்த பிறகுதான் கதவின் முன் மண்டியிட இடம் கிடைத்தது. கைப்பிடிக் குழியிலும் கை வைக்கும் மேட்டிலும் மறைந்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அதற்குப் பின் அட்டையைப் பிடித்திருப்பவை ஓரத்து பிளாஸ்டிக் கிளிப்புகள்தான். ஆனால் குளிரில் பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும் என்பதால், தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, மரக்கரண்டியின் காம்பைச் சீவிச் செய்த ஆப்பைக் கொடுத்துக் கீழ்முனையிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பினேன். இரண்டு கிளிப் முறிந்தன. அட்டை முழுதாகவே வந்தது.

அதன் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருந்தது. அதை ஓர் ஓரமாக உரித்து, தகட்டின் துளைக்குள் முழங்கை வரை விட்டு, பூட்டைத் தடவித் தேடினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரல்தான் பார்த்தது. ஒரு சிறு லீவர் தட்டுப்பட, அதை மேல்நோக்கித் தள்ளியதும் பூட்டு விடுபட்டது. வெளியே கைப்பிடியைப் பற்றிக் காத்திருந்த தங்கள் மருமகள் இழுத்தாள், கதவு திறந்தது.

பூட்டைக் கதவோடு இணைக்கும் மூன்று நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களும் கதவின் விளிம்பில் இருப்பவை. கதவு திறந்த பிறகே அவற்றைக் கழற்ற முடியும். பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன்: செம்புப் பட்டைகள் கரியேறித் தேய்ந்திருந்தன, கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. நம் புதுப்பேட்டையைப்போல இங்கும் பழைய வண்டி உடைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் வேண்டிய உறுப்பை நாமே வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு, வெளியேறும்போது வாசலில் பணம் கட்ட வேண்டும். பனியில் நின்று, விரல் மரத்துப்போகும்போதெல்லாம் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி, இதே மாதிரி காரிலிருந்து பூட்டு ஒன்றைக் கழற்றி வந்தேன்.

புதிதாகப் பொருத்தியதும் கதவை உடனே மூடவில்லை. கதவைத் திறந்தபடியே வைத்து, திருப்புளியால் பூட்டின் கொக்கியை மூடவைத்து, பொத்தானிலும் கைப்பிடியிலும் இருபது முறை திறந்து பார்த்த பிறகே சாத்தினேன். அந்த ஒரு காரியத்துக்காகவாவது தாங்கள் என்னை மெச்சுவீர்கள். அடுத்த பள்ளி நாள் காலை பாப்பா நடைபாதைப் பக்கமே இறங்கினாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதம் பெரியப்பா மகன் இங்கு வருகிறான். தாங்கள் கதவு வேலைக்கென்று வைத்திருந்த பூவரசு ஆப்புகளில் மெல்லியதாக இரண்டை அவனிடம் கொடுத்தனுப்புங்கள். மரக்கரண்டிக் காம்பு இந்த ஒரு கதவுக்கே பிளந்துவிட்டது. இடப்பக்கப் பின்கதவிலும் இப்போது அந்த ரீங்காரம் லேசாகக் கேட்கிறது.

தங்கள் அன்பு மகன்